போர்ட் லூயியில் இரண்டு நாள்: தெருப்படம் பழக எங்கே நிற்பது?

சாந்தெனி_கதிர்:

வணக்கம். ஆகஸ்ட் நடுவில் ஒரு வெள்ளி இரவு பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து வந்து, ஞாயிறு இரவு திரும்புகிறேன். தங்குவது மொரீஷியஸ் தலைநகரான போர்ட் லூயியிலேயே. கடற்கரை, கடைகண்ணி எதுவும் திட்டத்தில் இல்லை, தெருப்படம் பழகுவது ஒன்றுதான் வேலை.

கையில் ஃபுஜி எக்ஸ்-டி30, 23 மி.மீ. எஃப்/2 லென்ஸ், இரண்டு பேட்டரி. வேறு லென்ஸ் கொண்டுவரப் போவதில்லை.

இதுவரை எடுத்ததில் உள்ள குறைகள்: பாதிக்கு மேல் முதுகுப் படங்கள். எதிரே வருகிறவரை எடுத்தால் ஆள் மங்கல், பின்னாலிருக்கும் சுவர் பளிச். சந்தைக்குள் எடுத்தவற்றில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. நல்ல வெயிலிலும் ஐ.எஸ்.ஓ (வெளிச்ச உணர்திறன்) 640-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது கேமரா.

இரண்டு நாளை எப்படிப் பிரிக்கலாம்? ஆளிடம் கேட்டு எடுப்பதா, கேட்காமலா? அங்கே ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் இருக்கிறதே, தமிழில் பேசினால் எடுபடுமா?

---

ரோஸ்ஹில்_வேலன்:

கதிர், போர்ட் லூயியில் சனியும் ஞாயிறும் ஒன்றல்ல. சனி காலை சந்தையும் கடைத்தெருவும் பிதுங்கும். மதியத்துக்கு மேல் ஒவ்வொரு கடை ஷட்டராக இறங்கிவிடும். ஞாயிறு காலை சந்தையில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கும், அதுவும் உச்சிவரைதான். பிறகு தெருவில் நாயும் நீங்களும்தான். அதனால் கனமான வேலையெல்லாம் சனி விடிந்ததிலிருந்து மதியம் 1 மணிக்குள். ஞாயிறு ஊரைவிட்டு வெளியே போய்விடுங்கள்.

ஆகஸ்ட் நடுவில் உதயம் 6.30 வாக்கில், மறைவு 6 மணிக்குச் சற்று முன். உங்களூர் நேரமும் இதுவும் ஒன்றே. உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர்மேலே வராது, வடக்கே சுமார் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். இதே ஊருக்கு நவம்பர் கடைசியிலோ ஜனவரி மூன்றாம் வாரத்திலோ வந்திருந்தால் மதிய வெயில் நட்ட நடுமண்டையில் விழும், எல்லார் கண்குழியும் கரி பூசியது போல வரும். ஆகஸ்டில் மதியம்கூட உருப்படியாக எடுக்கலாம்: வடக்கு நோக்கி நடப்பவர் முகத்தில் வெயில், தெற்கு நோக்கி நடப்பவர் முகத்தில் நிழல். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதை இது ஒன்றே தீர்மானித்துவிடும்.

முதுகுப் படங்களுக்குக் காரணம் பயம் என்று நினைக்காதீர்கள், நடைதான் காரணம். நீங்களும் நடக்கிறீர்கள், கூட்டமும் அதே திசையில் நடக்கிறது, முதுகுதானே கிடைக்கும்? நடையைப் பாதியாகக் குறையுங்கள். மீன்பிடிக்கிறவன் ஆற்றோடு ஓடுவதில்லை. வெளிச்சமும் பின்னணியும் பார்த்து ஓரிடத்தைப் பிடித்து 40 நிமிடம் நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். பிறகு நீங்களும் ஒரு விளக்குக் கம்பம்.

சனி காலைக்கு என் தேர்வு மத்தியச் சந்தை, ஃபர்க்கார் தெருப் பக்கத்து வாசல். கீழ்த்தளத்தில் காய்கறி, மேலே சுற்றுலாக்காரர்களுக்கான கைவினைக் கடைகள். மேலே போகாதீர்கள், அங்கே படம் எடுக்கிறவரைவிட வாங்குகிறவரைத்தான் தேடுவார்கள். கீழே வாசலுக்கு உள்ளே, பக்கவாட்டில், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றுகொள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே வருகிறவர்கள் முகத்தில் வாசல் வெளிச்சம் முழுதாக விழும், பின்னால் சந்தை இருட்டாக இறங்கிவிடும். நேர்மாறாக, உள்ளே நின்று வாசலைப் பார்த்து எடுத்தால் எல்லாம் நிழலுருவம். ஒன்றிரண்டு அழகாக இருக்கும், அதற்குமேல் போனால் திகட்டும்.

அந்த இடத்தில் ஆட்டோ எக்ஸ்போஷர் ஏமாற்றும். கறுப்புப் பின்னணியைக் கண்டதும் படத்தை வெளுப்பாக்கும், ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்தால் இருட்டாக்கும். மேனுவலுக்குப் போங்கள். ஆள் வரப்போகும் இடத்தில் உங்கள் உள்ளங்கையை விரித்து, ஸ்பாட் மீட்டரில் (ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) அளந்து, அதற்குமேல் ஒரு ஸ்டாப் (அதாவது இரட்டிப்பு வெளிச்சம்) கூட்டிப் பூட்டிவிடுங்கள். யார் உள்ளங்கையானாலும் நடுச்சாம்பல் நிறத்தைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளுப்பு, அதனால்தான் கூட்டுவது. மேகம் மாறினால் மறுபடி அளக்க வேண்டும், அவ்வளவே.

9 மணிக்குமேல் அங்கிருந்து ராயல் தெரு வழியாகச் சீனர் பகுதி. இடையில் ஜும்மா மசூதி. தெருவிலிருந்து வாசலை எடுப்பதில் சிக்கலில்லை. தொழுகை நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்து எடுப்பது கூடாது. சீனர் பகுதியில் பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் ஒருவர் நடக்கும்வரை காத்திருந்து எடுக்கும் படம் ஏற்கெனவே ஊரில் ஆயிரம் இருக்கிறது. சுவரைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பினால் பூலெத் (ஆவியில் வேகும் உருண்டை) கடையில் ஆவி பறக்கும், அந்த ஆவிக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

சனி மதியம் ஷாம் தெ மார்ஸ். 1812-இல் தொடங்கிய குதிரைப் பந்தய மைதானம். சீசன் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலிருந்து ஆண்டுக் கடைசிவரை. நீங்கள் வரும் வாரம் பந்தயம் உண்டா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் குதிரைக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கடைசி 200 மீட்டரில் ஜனங்களின் கழுத்து நீளுவதும் பந்தயத் தாள் கசங்குவதும்தான் படம். பணம் எண்ணும் கைக்கு மட்டும் நெருங்காதீர்கள், தகராறு அங்கேதான் வரும்.

பந்தயம் இல்லையென்றால் கம்பெனித் தோட்டம். ஆலமர நிழலில் பெஞ்சுகள். ஆனால் இலை வழியே சில்லறை சில்லறையாக விழும் வெயில் முகத்தில் பாதியைப் பொசுக்கிவிடும். அங்கே வெளிச்சப் புள்ளிக்கு எக்ஸ்போஷர் வைத்து மீதியை இருட்டில் விட்டுவிடுவதுதான் வழி. இரண்டையும் காப்பாற்றப் போனால் சாம்பல் கரைத்த மாதிரி வரும்.

மாலைக்குப் பிளாஸ் தார்ம் சதுக்கம். அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு அடியில் கோதான் (துறைமுகக் கரைக் கடை வளாகம்) பக்கம் போகும் நடைச் சுரங்கப்பாதை இருக்கிறது. இருட்டிலிருந்து படியேறி வெளிச்சத்துக்கு வரும் ஒவ்வொருவர் முகமும் ஒரு வினாடி சுருங்கும், அந்த ஒரு வினாடிதான் உங்களுக்கு வேண்டியது. துறைமுகம் ஊருக்கு வடமேற்கே. அதனால் ஆகஸ்ட் மாலையில் துறைமுகத்திலிருந்து மலைப்பக்கம் போகும் தெருக்களில் வெயில் ஏறக்குறைய நீளவாக்கில் நுழையும். கோடையில் சூரியன் தென்மேற்கே சாய்ந்துவிடும், அப்போது கரைக்கு இணையாக ஓடும் தெருக்கள்தான் சரி.

ஞாயிறு: மெட்ரோவில் ஏறிக் கத்ர் போர்ன். வியாழனும் ஞாயிறும் அங்கே துணிச் சந்தை. ஏறக்குறைய அரை மணிப் பயணம். க்யூர்பீப் வரைக்கும் மெட்ரோ போகிறதே என்று ஆசைப்பட்டால் மழைச் சட்டையோடு போங்கள். போர்ட் லூயியில் வெயில் காயும்போதே அங்கே தூறும், குளிரும்.

---

இருட்டறை:

இடமெல்லாம் வேலன் சொல்லிவிட்டார். கேமரா பக்கம் நீங்கள் சொன்ன குறை மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

ஐ.எஸ்.ஓ 640: அது கோளாறே அல்ல. மெனுவில் டைனமிக் ரேஞ்ச் (டி.ஆர்.) 400 என்று வைத்திருப்பீர்கள். அந்தக் கேமராவின் அடிப்படை 160. டி.ஆர். 200 வைத்தால் குறைந்தது 320, டி.ஆர். 400 வைத்தால் குறைந்தது 640. வெளுத்த பகுதியைக் காப்பாற்ற இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதிவு செய்துவிட்டு, ஜேபெக் ஆக்கும்போது நிழலைத் தூக்குகிறது. அதற்கு அந்த இடைவெளி தேவை. ரா (பதப்படுத்தாத கோப்பு) எடுத்து நீங்களே கணினியில் கழுவுவதாக இருந்தால் டி.ஆர். 100-இல் வைத்து, வெயிலில் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். ஜேபெக்தான் என்றால் 640-ஐப் பற்றிக் கவலையே வேண்டாம், அந்த சென்சாரில் 640 ஒன்றுமில்லை.

சந்தைப் பட்டைகள்: எலக்ட்ரானிக் ஷட்டர். மொரீஷியஸிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி.யும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் ஒரு வரி வெளிச்சத்திலும் அடுத்த வரி மங்கலிலும் பதிவாகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, விளக்குக்கு அடியில் 1/100 அல்லது 1/50 வையுங்கள். 1/100 என்பது சரியாக ஒரு முழுத் துடிப்பு, பட்டை விழாது. 1/250 வைத்தால் மெக்கானிக்கலிலும் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் பச்சை என்று தாறுமாறாக வரும். 1/100-இல் நடப்பவர் மங்குவார். அதனால் சந்தைக்குள் கூறுகட்டும் கை, தராசு, பேரம் பேசும் முகம் என்று நின்ற இடத்தில் நடப்பதை எடுங்கள். வேலன் சொன்ன வாசல் ஓரத்தில் பகல் வெளிச்சம் விளக்கை அமுக்கிவிடும், அங்கே எந்த வேகமும் ஓடும். இன்னொன்று, எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓடும் மெட்ரோவை எடுத்தால் பெட்டிகள் சாய்ந்து நிற்கும்.

மங்கல் ஆள்: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆள் முழுக்க ஒரே மாதிரி மெத்தென்று இருந்தால் ஃபோகஸ் பின்னால் போய்விட்டது. முகம் சுமாராக, கையும் காலும் இழுபட்டிருந்தால் ஷட்டர் போதவில்லை. சாதாரண நடை வினாடிக்கு 1.4 மீட்டர். 1/60-இல் குறுக்கே போகிறவர் 2 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடுவார். 1/500-இல் 3 மி.மீ.கூட இல்லை. வீசும் காலும் கையும் உடம்பைவிட வேகம், ஆகவே வெளியே 1/500-க்குக் கீழே வராதீர்கள். ஆட்டோ ஐ.எஸ்.ஓ மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் என்றொரு வரி இருக்கும். அதை 1/500, உச்ச ஐ.எஸ்.ஓ 6400 என்று வையுங்கள். பலர் அந்த வரியை ஆட்டோவில் விட்டுவிடுகிறார்கள். அப்போது கேமரா லென்ஸின் நீளத்தைப் பார்த்து 1/60-க்குக்கூட இறங்கிவிடும். கை நடுங்காமல் இருக்க அது போதும், நடக்கிற ஆளுக்குப் போதாது.

சுவர் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னதால் உங்களுக்கு முதல் வகைதான் என்று தோன்றுகிறது. தெருவில் ஆட்டோஃபோகஸ் நடுப்புள்ளி இரண்டு தலைகளுக்கு இடையே புகுந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். லென்ஸ் துவாரத்தை எஃப்/8-க்குச் சுருக்கி, மேனுவல் ஃபோகஸை 3 மீட்டரில் வையுங்கள். இந்த லென்ஸில் அப்போது சுமார் 1.6 மீட்டரிலிருந்து 30 மீட்டர்வரை தெளிவு. எஃப்/11 போனால் 2.4 மீட்டரில் வைத்து 1.2-லிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை. வெயிலில் ஐ.எஸ்.ஓ 400, எஃப்/8, 1/1600 என்று தொடங்குங்கள், மேகத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

இதில் இரண்டு வலை இருக்கிறது. அந்த லென்ஸில் தூர அளவு பொறிக்கப்படவில்லை, தூரத்தையும் தெளிவுப் பகுதியையும் காட்டும் திரைக் கோடுதான் கதி. அந்தக் கோட்டுக்கு மெனுவில் இரண்டு அளவுமுறை: பிக்சல் அடிப்படை, ஃபிலிம் அடிப்படை. பிக்சல் அடிப்படை மிகக் கறார், தெளிவுப் பகுதியை மிகச் சின்னதாகக் காட்டிப் பயமுறுத்தும். ஃபிலிமுக்கு மாற்றினால்தான் மேலே சொன்ன கணக்குக்குக் கிட்டே வரும். அடுத்தது, ஃபோகஸ் வளையம் முழுக்க மின்னணு. இடுப்பில் உரசினாலே 3 மீட்டர் 1 மீட்டராகிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பத்துப் படத்துக்கு ஒருமுறை கோட்டைப் பாருங்கள். கேமராவை அணைத்துப் போட்டால் கட்டாயம் பாருங்கள்.

3 மீட்டர் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய ஒரு வழி. 23 மி.மீ. லென்ஸில், கேமராவைக் கிடையாகப் பிடித்தால் 3 மீட்டரில் சட்டத்தின் உயரம் சுமார் 2 மீட்டர். நடுத்தர உயரமுள்ள ஒருவர் தலைக்கு மேல் ஒரு சாண் இடம்விட்டு முழுதாக அடங்கினால் அவர் 3 மீட்டரில் இருக்கிறார். தலையும் பாதமும் இடித்தால் 2.5. பாதம் வெட்டுப்பட்டால் அதைவிடக் கிட்டே வந்துவிட்டார். அறையில் கதவை வைத்து அரை மணி பழகிவிட்டு வாருங்கள். கதவின் உயரம் 2 மீட்டர்தான்.

---

அலூதா_பிரியன்:

எஃப்/8 எஃப்/8 என்று எல்லாரும் சொல்வதால் எல்லார் படமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. முன்னும் பின்னும் எல்லாமே தெளிவு, கண் எங்கே போவது? கூட்டம் இல்லாத இடத்தில் எஃப்/4-இல் ஆட்டோஃபோகஸ் வைத்து எடுத்துப் பாருங்கள்.

சந்தைக்குள் அலூதா என்னும் பால் பானம் குடிக்கும்போது கண்ணாடி டம்ளரை லென்ஸ் முன்னால் பிடித்து எடுக்கும் கலைப்படம் மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

---

இருட்டறை:

கூட்டம் இல்லாத இடத்தில் எஃப்/4, ஒப்புக்கொள்கிறேன். கதிருக்கு இப்போதைய நோய் ஆள் மங்குவது. முதலில் அது தீரட்டும்.

---

கத்ர்போர்ன்_மீனா:

மொழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கதிர், இங்கே கோயில் கோபுரத்தில் தமிழ் இருக்கும், ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கும், பெயர் செல்லம், வீராசாமி என்று இருக்கும். அவரிடம் தமிழில் பேச்சைத் தொடங்கினால் சிரித்துவிட்டு கிரியோலில் (பிரெஞ்சு வழி வந்த ஊர்மொழி) பதில் சொல்வார். வீட்டில் பேசுவது கிரியோல்தான், தமிழ் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும். தேவாரம் மனப்பாடமாகப் பாடுகிறவருக்குப் பேச்சுத் தமிழ் ஓடாமல் இருக்கலாம். அதற்காக "தமிழரா இருந்துட்டுத் தமிழ் தெரியாதா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கேட்டவுடன் கதவு சாத்திக்கொள்ளும். "வணக்கம்" சொல்லுங்கள், அது எல்லாருக்கும் புரியும், பிடிக்கும். பிறகு கிரியோலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உங்கள் ரெயூனியன் கிரியோல் முக்கால்வாசி புரியும், ஆனால் "மி" (நான்) என்றதுமே வெளியூர் என்று தெரிந்துவிடும். அது நல்லதுதான், வெளியூர்க்காரருக்கு இங்கே சலுகை உண்டு. இங்கே கேட்கும் விதம்: "போன்ஜூர், எஸ்கி மோ காபாவ் திர் என் ஃபோதோ?" (வணக்கம், ஒரு படம் எடுக்கலாமா?) எதிரிலிருப்பவரை "ஊ" என்றுதான் சொல்ல வேண்டும். "தோ" நம்முடைய "நீ" மாதிரி, பெரியவர்களிடம் அது மரியாதைக் குறைவு. எடுத்த பிறகு "மெர்சி", கிளம்பும்போது "சலாம்". சலாம் என்பது இங்கே எல்லா மதத்தாரும் போய்வருகிறேன் என்பதற்குச் சொல்வது, முஸ்லிம்களுக்கு மட்டுமான வணக்கம் என்று எண்ணிக்கொண்டு வந்ததும் வராததுமாகச் சொல்லாதீர்கள்.

கேட்பதா வேண்டாமா? நடந்துபோகும் கூட்டத்தில் கேட்கத் தேவையில்லை. ஒருவர் தம் கடையில், தம் தட்டுக்குப் பின்னால் இருக்கும்போது கேளுங்கள், அது அவருடைய இடம். முதலில் வாங்குங்கள், பிறகு கேளுங்கள். தோல் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) எப்போதும் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள், உள்ளே பீன்ஸ் கறி, மிளகாய்ச் சட்னி வேண்டுமா என்று கேட்பார்கள். 25, 50, 100 ரூபாய்த் தாள்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். ஆயிரம் ரூபாயை நீட்டிச் சில்லறைக்கு அலையவிட்டுவிட்டு அதே ஆளிடம் படம் கேட்டால் கிடைக்காது. மூலிகைக் கட்டு விற்கும் தீசான் கடைக்காரர்களிடம் எந்த இலை எதற்கு என்று கேட்டுவிட்டு எடுங்கள், பேச ஆரம்பித்தால் கை தானாக அசையும், அப்போது கேமராவை மறந்துவிடுவார்கள்.

கேட்டு எடுத்தால் விறைத்து நிற்பார்களே என்று தோன்றும். விறைத்து நிற்கும் அந்த ஒரு படத்தை எடுத்துவிடுங்கள், நன்றி சொல்லுங்கள், கேமராவை மார்புவரை மட்டும் இறக்குங்கள். "முடிந்தது" என்று தோள் தளரும் நேரம் ஒன்று வரும். வேண்டிய படம் அதுதான்.

தலையாட்டி மறுத்தால், கையை நெஞ்சில் வைத்து மெர்சி சொல்லி நகர்ந்துவிடுங்கள். எடுத்ததை அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். இங்குள்ள சிவில் சட்டம் பிரெஞ்சுச் சட்டத்தின் வழி வந்தது, தனிவாழ்வுக்கான உரிமை அதில் உண்டு. ரெயூனியனில் இருப்பவருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், வாசலில் படுத்திருப்பவர்கள், இரண்டும் வேண்டாம். காவல்துறைத் தலைமையகமான லைன் பாராக்ஸ் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், துறைமுகத்தின் சரக்குப் பகுதியிலும் அப்படியே. கோதான் தனியார் வளாகம், காவலர் வேண்டாம் என்றால் வாதாடிப் பயனில்லை.

ஆப்ரவாசி காட் சந்தைக்கு மிக அருகில். யுனெஸ்கோ 2006-இல் பட்டியலில் சேர்த்த இடம், ஒப்பந்தக் கூலிகள் ஏறிவந்த 16 படிகள் அங்கேதான். போய்ப் பாருங்கள், ஆனால் தெருப்படப் பயிற்சிக்கான இடம் அல்ல அது. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு மூடியிருக்கும்.

---

சாந்தெனி_கதிர்:

எல்லாருக்கும் நன்றி. டி.ஆர். 400-தான் வைத்திருந்தேன், மாற்றியதும் 160 வந்துவிட்டது. கோடும் பிக்சல் அடிப்படையில்தான் இருந்தது.

இரண்டு கேள்வி மட்டும். இடுப்பளவில் வைத்துப் பார்க்காமல் எடுப்பது சரியா? மீனா அக்கா, ஞாயிறு துணிச் சந்தையில் வெளிச்சம் எப்படி?

---

கத்ர்போர்ன்_மீனா:

துணிச் சந்தையில் பிரச்சினை வெளிச்சம் குறைவது அல்ல, நிறம். சிவப்பு, நீலத் தார்ப்பாய், தொங்கும் துணி எல்லாம் வெயிலைச் சாயம் ஏற்றித்தான் உள்ளே விடும். ஒரே முகத்தில் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் சிவப்பு என்று வரும். ரா எடுத்தாலும் ஒயிட் பேலன்ஸால் ஒரு நிறத்தைத்தான் சரிக்கட்ட முடியும், கலந்த இரண்டையும் முடியாது. தார்ப்பாய் முடியும் விளிம்பில், திறந்த வானம் பார்க்கும் பக்கம் முகம் இருக்கும் ஆளாகப் பாருங்கள். அது கிடைக்காத இடத்தில் கறுப்பு வெள்ளை. இன்னொரு வழி, அந்த நிறத்தையே படமாக்குவது: தொங்கும் சேலைக்குப் பின்னால் வெயில், முன்னால் விலை பேசும் கை.

9 மணிக்கு முன் வாருங்கள், 11-க்குமேல் கேமராவை முகத்துக்குத் தூக்கவே முழங்கைக்கு இடம் இருக்காது.

---

ரோஸ்ஹில்_வேலன்:

இடுப்பளவு: எல்லாருமே செய்து பார்ப்பதுதான். பத்தில் எட்டு வானமும் முழங்காலுமாக வரும், மிஞ்சிய இரண்டும் ஏன் நன்றாக வந்தது என்று உங்களுக்கே தெரியாது, அதனால் பழக்கம் வளராது. தவிர, ஒளித்து எடுப்பது கண்ணில் பட்டால்தான் ஜனங்களுக்குக் கோபம் வரும். முகத்துக்கு முன் பிடித்து எடுப்பவரைச் சுற்றுலாக்காரர் என்று விட்டுவிடுவார்கள். உயரம்தான் குறைய வேண்டும் என்றால் உங்கள் கேமராவில் திரை மேல்நோக்கி மடியும். மார்பளவில் பிடித்து, குனிந்து திரையைப் பார்த்து எடுங்கள். பார்க்காமல் எடுப்பது வேறு, தாழ்த்தி எடுப்பது வேறு.

படம் எடுத்தவுடன் ஆளைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் எதையோ இன்னும் பார்த்துக்கொண்டிருங்கள், ஒரு வினாடி. பாதிப் பேர் தாம் குறுக்கே வந்துவிட்டதாக நினைத்து விலகிப் போவார்கள். இது கொஞ்சம் திருட்டுத்தனம்தான், மீனாவுக்குப் பிடிக்காது.

---

கத்ர்போர்ன்_மீனா:

பிடிக்கவில்லைதான்.

---

இருட்டறை:

கிளம்புமுன் சில்லறை விஷயங்கள். இங்கே சுவர்ப் பிளக் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை, மூன்று சதுர முள். உங்களூர் இரண்டு முள் சில இடங்களில் ஏறும், அறையில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓர் அடாப்டர் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி ஒன்றுக்கு முந்நூற்றுச் சொச்சம் படம், சனிக்கு இரண்டும் காலியாகும். இரவே இரண்டையும் ஏற்றிவிடுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து நேரே கேமராவோடு வெளியே வந்தால் கண்ணாடி வேர்க்கும். ஆகஸ்டில் குறைவு, ஆனாலும் சந்தைக்குள் ஈரம் அதிகம். எழுந்ததும் ஜிப் பைக்குள் போட்டு மூடி பால்கனியில் வையுங்கள், அரை மணியில் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். வேர்த்துவிட்டால் துடைக்காதீர்கள், துடைத்தால் உப்பும் தூசியும் சேர்ந்து கீறும். காத்திருந்தால் தானே போகும்.

சனி இரவு படங்களைப் பார்க்கும்போது நல்லதைத் தேடாதீர்கள். தவறியதை மட்டும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: ஃபோகஸ் தவறியது, ஷட்டர் தவறியது, நின்ற இடம் தவறியது. ஃபோகஸ் குவியல் பெரிதென்றால் ஞாயிறு எஃப்/11-க்குப் போங்கள். இடம் தவறியது பெரிதென்றால் அமைப்பு எதையும் தொடாதீர்கள், ஞாயிறு முழுக்க ஓரிடத்திலேயே நில்லுங்கள். நல்ல படம் எது என்பதை ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், எடுத்த அன்றைக்குக் கஷ்டப்பட்டு எடுத்ததெல்லாம் நல்லதாகத்தான் தெரியும்.

---

அலூதா_பிரியன்:

வெள்ளி இரவு விமானம் என்றால் ஒன்று கவனியுங்கள். விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில், போர்ட் லூயி வடமேற்கில். காரில் ஒரு மணி நேரம் ஆகும், இரவில் பஸ்ஸை நம்பாதீர்கள். சந்தை வாசலுக்கு 6.30-க்கு வர வேண்டும் என்றால் டாக்ஸியை முன்னாலேயே பேசிவிடுங்கள். ஏறுவதற்கு முன் ரேட் பேசிக்கொள்ளுங்கள், மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம்.